தம்பபண்ணி: செந்நிறம் தந்த பெயர்

மன்னார்த் தீவுக்கு எதிரேயுள்ள பெருநிலக் கரையில் தெற்கு நோக்கிச் செல்வோர், முத்துக்குளிப்பால் பெயர்பெற்ற அரிப்பு, சிலாவத்துறை ஆகிய ஊர்களைக் கடந்து குதிரைமலை முனையை அடைவர். அங்கே கடலை நோக்கி நிற்கும் மேட்டு நிலம் செம்மண் நிலமாகும். ஈழத்தின் பழம்பெயர்களுள் ஒன்றான 'தம்பபண்ணி' இக்கரையின் செம்மண்ணால் வந்தது என்பாரும் உளர்.

அவர்கள் சான்றாகக் காட்டுவது மகாவம்சம். கப்பலிலிருந்து இறங்கிய விசயனின் தோழர்கள், களைப்பு மிகுதியால் கைகளை நிலத்தில் ஊன்றி அமர்ந்தனராம். செம்மண் பட்டு அவர்தம் கைகள் சிவந்தனவாம். அதனால் அவ்விடமும், பின்னர்த் தீவு முழுவதும் அப்பெயர் பெற்றனவாம். பாலி மொழியில் 'தம்ப' என்பது செம்பையும் அதன் நிறத்தையும் குறிக்கும். 'பாணி' என்பது கை.

நிறச்சொல்லைப் பற்றி ஐயமில்லை. உலோகமும் நிறமும் ஒரு சொல்லில் இணைவது தமிழுக்கும் புதிதன்று. செம்மை என்னும் பண்பின் அடியாகவே செம்பு என்னும் பெயர் பிறந்தது. அச்செம்மையே மண்ணோடு சேர்ந்து செம்மண் என்றும், கடலோடு சேர்ந்து செங்கடல் என்றும், அடியோடு சேர்ந்து சேவடி என்றும் உருத்திரியும். இத்திரிபுகளுக்கு நன்னூல் விதி வகுத்துள்ளது.

ஐயம் எழுவது சொல்லின் பிற்பகுதியிலேதான். 'பாணி'யில் பகரம் நெடில்; ணகரம் ஒற்றை. 'பண்ணி'யிலோ பகரம் குறில்; ணகரம் இரட்டித்தது. வடமொழி 'வர்ணம்' பாகதத்தில் 'வண்ண' என்றாகித் தமிழில் வண்ணம் எனப் புகுந்ததை யாவரும் அறிவர். அம்முறையிலேயே இலையைக் குறிக்கும் 'பர்ண' என்பதும் 'பண்ண' ஆகும். ஆகவே, 'தாமிரபர்ணி', அதாவது செவ்விலைகளையுடையது என்னும் அன்மொழித்தொகையே ஒலிமுறைக்குப் பொருந்துகிறது. கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அசோகனின் கிர்நார்க் கல்வெட்டும் இப்பெயரில் பகரத்தைக் குறிலாகவே காட்டுகின்றது. மகாவம்சமோ அதற்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டது. மன்னார் வளைகுடாவின் எதிர்க்கரையில், பொதிகையில் பிறந்து கடலிற் கலக்கும் பொருநையாறு தாமிரபரணி என இப்பெயரையே தாங்கி நிற்கின்றது. கிரேக்கர் இத்தீவைத் 'தப்ரபேன்' என்றதும் இப்பெயரின் திரிபே.

அவ்வாறாயின், சிவந்த கைகளின் கதை வீண்கதையாகுமா? ஆகாது. பெயரின் பிறப்பை அது காட்டவில்லை. ஆயினும், கடல் கடந்து வந்தவர்கள் இறங்கிய கரையைச் செம்மண் கரையாகவே பிற்காலத்தார் நினைவில் வைத்திருந்தனர் என்பதைக் காட்டுகின்றது. பெயரின் வரலாற்றை இலக்கணமும், அப்பெயரைப் பற்றி மக்கள் கொண்டிருந்த எண்ணத்தைக் கதையும் உரைக்கின்றன. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்கும்போதே வரலாறு பிழைபடுகின்றது.