சந்தைக்குப் பெயர் சீப்

‘சீப்பா முடிஞ்சுது’ என்று சொல்லிக்கொண்டே துணிப்பையைப் பிரிக்காத தமிழ் வீடு இருக்காது. எழுத்தில் ‘மலிவு’, பேச்சில் ‘சீப்’ என்று இரண்டையும் பங்கு பிரித்துக்கொண்டுவிட்டோம். ஒருவர் நடத்தையைப் பழிக்கவும் இதே சொல்தான்: ‘இவ்வளவு சீப்பா நடந்துக்குவார்னு நினைக்கலை.’ இந்தப் பழக்கம் நாக்கில் ஊறியவர் லண்டன் நகர மையத்துக்குப் போய், செயின்ட் பால் பேராலயத்தின் அருகில் தொடங்கிக் கிழக்கே நீளும் கடைத்தெருவில் நின்று பெயர்ப்பலகையைப் படித்தால் கொஞ்சம் திகைப்பார். தெருவின் பெயர் சீப்சைடு. ‘மலிவுப் பக்கம்’ என்று மனம் தானாகவே பெயர்த்துவிடும். கண்ணாடிக்குள் தொங்கும் விலைச்சீட்டுகளோ அதற்கு ஒத்துவராது.

பெயரில் பிழை இல்லை. நாம் அதன்மேல் ஏற்றும் பொருள்தான் பல நூற்றாண்டு பிந்தியது.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் ஏறத்தாழ ‘செயாப்’ என்று ஒலித்தது. வாங்குவதும் விற்பதும், பேரம், விலை, விலைக்கு வரும் சரக்கு, எல்லாம் அதற்குள் அடக்கம். கால்நடை என்றும் ஒரு பொருள் இருந்தது. மாடு என்றாலே செல்வம் என்று பொருள் கொண்ட மொழிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பேரம் நடக்கும் இடத்துக்கும் பிறகு அந்தப் பெயரே ஆயிற்று. லண்டன் நகரத்துக்குள் இப்படி இரண்டு ‘சீப்’ இருந்தன. மேற்கே இருந்தது வெஸ்ட்சீப், கிழக்கே இருந்தது ஈஸ்ட்சீப். மேலைச் சந்தை, கீழைச் சந்தை என்றால் தமிழில் சரியாக இருக்கும். ஈஸ்ட்சீப் இன்றும் அதே பெயரில் இருக்கிறது. மேலைச் சந்தையின் ஓரம் என்ற பொருளில் புழங்கிய ‘சீப்சைடு’ நாளடைவில் முழுத் தெருவுக்கும் பெயராகிவிட்டது.

இது சந்தைதான் என்பதற்குத் தனிச் சான்று தேட வேண்டாம். பக்கத்துச் சந்துகளின் பெயரைப் படித்துக்கொண்டே நடந்தால் போதும். பிரெட் ஸ்ட்ரீட் என்றால் ரொட்டித் தெரு. கவிஞர் மில்டன் 1608-இல் பிறந்தது அங்கேதான். மில்க் ஸ்ட்ரீட்டில் பால், ஹனி லேனில் தேன், வுட் ஸ்ட்ரீட்டில் விறகு. அயர்ன்மங்கர் லேன் இரும்புச் சாமான் விற்றவர்களுடையது. சீப்சைடு கிழக்கே முடிந்ததும் அதே சாலை ‘பௌல்ட்ரி’ என்று பெயர் மாறுகிறது. கோழியும் வாத்தும் விற்ற இடம். ஃபிரைடே ஸ்ட்ரீட் மீன் வணிகர்கள் இருந்த இடம் என்பார்கள். வெள்ளிக்கிழமை இறைச்சி விலக்கும் கிறித்தவ ஊரில் அன்றைக்கு மீனுக்குத்தான் கிராக்கி. நடுவே அகலமான சந்தைவெளி, இரு புறமும் பண்டத்துக்கொரு சந்து. வெளி எவ்வளவு அகலம் என்றால், 1331-இல் மூன்றாம் எட்வர்டு மன்னர் குதிரை வீரர்களின் ஈட்டிப் போட்டியையே இங்கே நடத்தினார்.

அப்படியானால் சந்தையைக் குறித்த சொல் எப்படி விலைக்குறைவைக் குறிக்கலாயிற்று? எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இதுதான். இடைக்கால ஆங்கிலத்தில் ‘சீப்’ என்ற பெயர்ச்சொல் தனியாக நின்றால் மலிவும் இல்லை, விலையேற்றமும் இல்லை. வெறும் கொடுக்கல் வாங்கல். அடைமொழிதான் அதன் தன்மையைச் சொல்லும். ‘நல்ல சீப்’ என்றால் வாங்குகிறவனுக்குச் சாதகமான பேரம். ‘பெரிய சீப்’ என்றால் சரக்கு நிறைய வந்து குவிந்திருக்கிறது. 14-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதிய ஆங்கிலக் கவிஞர் சாசர், தம் கதைத்தொகுப்பில் வரும் பாத் நகரத்துப் பெண்ணின் முன்னுரையில், நிறையக் கிடைக்கும் பொருளை யாரும் மதிப்பதில்லை என்று சொல்லும் இடத்தில் இந்தப் ‘பெரிய சீப்’பைத்தான் கையாள்கிறார். அதே சாசர் சமையற்காரன் கதையில், ஊர்வலம் வந்தால் கடையை விட்டு ‘சீப்’புக்கு ஓடிவிடும் வேலைக்காரப் பையன் ஒருவனைக் காட்டுகிறார். அங்கே ‘சீப்’ என்பது நாம் நிற்கும் இந்தத் தெரு. ஒரே எழுத்தாளர் கையில் சொல்லின் இரண்டு முகமும் இருக்கின்றன.

பிறகு ‘நல்ல’ உதிர்ந்தது. அது சுமந்த பொருள் மட்டும் ‘சீப்’போடு ஒட்டிக்கொண்டது. 16-ஆம் நூற்றாண்டில் அது விலை குறைந்த என்ற பெயரடையாகிவிட்டது. பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் அடைமொழியை விடவில்லை. மலிவு என்பதற்கு அவர்கள் சொல்வது ‘போன் மார்ஷே’, அதாவது நல்ல சந்தை. பாரிஸின் புகழ்பெற்ற பல்பொருள் அங்காடிக்கும் அதுவே பெயர். ஆங்கில வழக்கே அதைப் பார்த்து எழுந்தது என்று கருதுவோரும் உண்டு.

நம் ‘மலிவு’ வந்த வழியைப் பாருங்கள். மலிதல் என்றால் நிறைதல், மிகுதல். தக்காளி சந்தையில் மலிந்து கிடந்தால் விலை இறங்கும். மிகுதியைச் சொன்ன சொல் இறங்கிய விலைக்கு ஆகிவிட்டது. சாசரின் ‘பெரிய சீப்’ நடந்ததும் இதே தடத்தில்தான். இரு மொழிக்கும் உறவு ஏதும் இல்லை. இரண்டு ஊர்ச் சந்தையிலும் கூடையில் காய் குவிந்தால் நடப்பது ஒன்றுதான்.

‘சீப்பன்’ என்ற வினைச்சொல்லையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இன்று அதற்கு மதிப்பைக் குறைத்தல் என்று பொருள். ஷேக்ஸ்பியர் காலத்தில் ஒருவர் மீனைச் ‘சீப்பன்’ செய்தார் என்றால், விலை கேட்டுப் பேரம் பேசினார் என்று அர்த்தம். அதில் இழிவு ஒன்றும் இல்லை.

இந்தச் சொல்லுக்கு உறவினர் ஐரோப்பா முழுவதும் இருக்கிறார்கள். வாங்குவதற்கு ஜெர்மனியர் ‘காஃபன்’ என்கிறார்கள், டச்சுக்காரர் ‘கோபன்’. கோபன்ஹேகன் என்ற தலைநகரின் பெயருக்கு வணிகர் துறைமுகம் என்று பொருள். சுவீடனின் நார்ஷோப்பிங்கிலும் லின்ஷோப்பிங்கிலும் இருக்கும் ‘ஷோப்பிங்’ சந்தை ஊர் என்பதுதான். ஆங்கில ‘ஷாப்பிங்’ போல ஒலிப்பது தற்செயல், அதற்கு வேர் வேறு. இங்கிலாந்திலேயே சிப்பிங் நார்ட்டன், சிப்பிங் கேம்டன் என்று சந்தை ஊர்கள் உண்டு. சாப்மன் என்ற குடும்பப் பெயரின் முன்னோர் வணிகர்கள். சாப்மன் சுருங்கியதுதான் ‘ஆசாமி’ என்ற பொருளில் ஆங்கிலேயர் சொல்லும் ‘சாப்’.

இவற்றுக்கெல்லாம் மூலம் லத்தீனின் ‘கௌபோ’ என்பது சொல்லாய்வாளர் பெரும்பாலோர் கொள்கை. அது சில்லறை வணிகனையும் சாராயக்கடைக்காரனையும் குறித்தது. ரோமானியரோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த ஜெர்மானியக் குடிகள் அதைத் தங்கள் மொழிக்குள் எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் சிலர் பிரிட்டனில் குடியேறியபோது கூடவே வந்தது. சீப்சைடு செல்லும் தடமோ ஏறத்தாழ ஒரு ரோமானியச் சாலையின் தடம். ரோமானியர் போட்ட சாலைக்கு, ரோமானியரின் சொல் இத்தனை வாய் மாறி வந்து பெயராகியிருக்கிறது.

மீனும் ரொட்டியும் விற்ற சந்தை பிறகு பொன் விற்கும் தெருவாயிற்று. 1491-இல் பிரெட் ஸ்ட்ரீட் பக்கம் பொற்கொல்லர் வரிசை என்ற கட்டட வரிசை எழுந்தது. 1912 ஜூனில் ஃபிரைடே ஸ்ட்ரீட் முனையில் பழைய வீடுகளை இடித்துக்கொண்டிருந்த கூலியாட்களின் கடப்பாரை, நிலவறைத் தரைக்கடியில் ஒரு புதையலைத் தொட்டது. ஏறத்தாழ 500 நகைகளும் மணிகளும். 1640-க்குப் பிறகு, 1666-இல் லண்டனை எரித்த பெருந்தீக்கு முன், யாரோ புதைத்துவிட்டு மீட்க வராமல் போனவை. அதில் கொலம்பியாவின் மரகதம் ஒன்று இருக்கிறது. அறுகோணமாக விளைந்த கல். அதை உள்ளே குடைந்து கடிகாரம் பதித்து, மரகதத்திலேயே மூடியும் போட்டிருக்கிறார்கள். இந்திய வைரமும் இலங்கையின் நீலக்கல்லும் அதே குவியலில் இருந்தன. நம் பக்கத்துக் கல் அந்தத் தெருவுக்குப் போய் ஏறத்தாழ 250 ஆண்டு மண்ணில் கிடந்திருக்கிறது. அது விற்பனைக்கு இருந்த நாளில் ‘சீப்’ என்றால் மலிவு என்று ஆகி நூறாண்டு கடந்திருந்தது. தெரு மட்டும் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை.

இன்று லண்டன் நகரத்தின் பழைய எல்லைக்குள் கடைக்குப் போவதென்றால் சீப்சைடுதான். ழான் நுவெல் வடிவமைத்து 2010-இல் திறந்த ‘ஒன் நியூ சேஞ்ச்’ வணிக வளாகமும் இங்கே இருக்கிறது. அதன் மொட்டை மாடிக்குக் கட்டணம் இல்லை. பேராலயத்தின் குவிமாடம் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். ஆனால் போகிறவர்களை நான் அங்கே அனுப்புவதற்கு முன் வுட் ஸ்ட்ரீட் முனைக்கு அனுப்புவேன். உயரமான அலுவலகங்களுக்கு நடுவே குள்ளமாக ஒரு சிறு கடை வரிசை, அதன் தலைக்குமேல் கிளை பரப்பிய ஒரு பெரிய மரம். மரம் நிற்பது பெருந்தீயில் எரிந்து, திரும்பக் கட்டப்படாமலே போன செயின்ட் பீட்டர் கோயிலின் இடுகாட்டில். கடைகளின் பின்சுவரில் ஒரு கல்வெட்டு: இவற்றைக் கட்டியவர்கள் அந்தப் பங்கு மக்கள், ஆண்டு 1687. கோயில் போய் இருபது வருடம் கழித்தும் பங்கின் பெயரை முழுசாகப் பொறித்திருக்கிறார்கள், ‘சந்தையின் புனித பீட்டர்’ என்று. அந்தப் பெயரில் வரும் ‘சீப்’புக்குக் கடைசியில், இன்றைய எழுத்தில் இல்லாத ஓர் எழுத்து கூடுதலாக இருக்கிறது.