ஶமம் என்னும் சொல்

ஶமமும் தமமும் வேதாந்த நூல்களில் இணைந்தே வரும் சொற்கள். (தமிழெழுத்தில் ‘சமம்’ என்றெழுதினால் ஒப்பைக் குறிக்கும் ஸமத்தோடு மயங்கும், இங்குக் கொண்டது அமைதியைக் குறிப்பது.) மனத்தை அடக்குவது ஶமம், புறப்பொறிகளை அடக்குவது தமம் என்பதே பலரும் பாடம் கேட்ட பொருள். சங்கரர் கீதாபாஷ்யத்தில் இப்பொருளையே கொண்டார்.

எம்பெருமானாரின் கீதாபாஷ்யம் அவ்வாறு ஒருபடிப்பட்டதன்று. 10-4இல் தமத்தைப் பொறிகளுக்கும் ஶமத்தை மனத்துக்கும் உரியதாக்கியவர், 18-42இல் ஶமம் புறப்பொறிகளின் நியமனம், தமம் மனத்தின் நியமனம் என்று மாற்றியருளுகிறார். 16ஆம் அத்தியாயத்திலும் தமம் மனத்தைப் பற்றியது. ஶாந்தி பொறிகளைப் பற்றியது. இதை ஏடெழுதினோர் பிழையென்று தள்ளுவது எளிது. ஆனால் ஈரிடத்தில் ஒரே வகையாக மாறியிருப்பது கைப்பிழையாகாது. 10இல் தமம் முன்னும் 18இல் ஶமம் முன்னும் நிற்பதால், முன்னது புறம், பின்னது அகம் என்று கொண்டார் எனலாம். 16இல் தமமே முன் நிற்க, அது அகமாகிறது. ஆகவே அந்த ஸமாதானமும் முழுதும் செல்லாது. தாதுபாடம் இரண்டு தாதுக்களுக்கும் ‘உபஶமம்’ என்ற ஒரே பொருளைத்தான் தருகிறது. சொல்லளவில் பிரிவில்லாதபோது இடம் நோக்கிப் பிரித்தார் என்பதே பொருந்தும்.

இதனினும் கனத்த கேள்வி ப்ரஹ்மஸூத்ரம் 3-4-27இல் எழுகிறது. ப்ருஹதாரண்யகம் உபாஸகனுக்கு ஶமம் முதலியவற்றை விதிக்கிறது. இல்லறத்தானோ வேள்வியும் அக்நிகார்யமுமாகப் பொறிகளை ஓயாமல் இயக்குபவன். அவனுக்கு ஶமம் ஏது என்பது பூர்வபக்ஷம். இது நின்றால், கிருஹஸ்தனுக்கு உபாஸனமே இல்லையென்றாகும். திருவாராதனம் செய்யும் கையும் ஶமத்துக்குப் பகையாகும்! ஸ்ரீபாஷ்யகாரர் இரண்டுக்கும் விஷயம் வேறு என்கிறார். விதித்த கர்மத்தில் பொறிகள் இயங்கும். விதிக்காததிலும் பயனற்றதிலும் இயங்காது ஒழிவதே ஶமம். எனவே இல்லறத்தானுக்கும் அது வேண்டியதே.

கீதை 6-3இல் மட்டும் ஶமத்துக்குக் கர்மநிவ்ருத்தி என்றே பொருளருளினார். அது யோகத்தில் ஏறி நின்றவனைப் பற்றிய பேச்சு. அதை எல்லா இடத்திலும் ஏற்றியதால்தான், அமைதியென்றால் கைகட்டி இருப்பது என்ற எண்ணம் பரவியது போலும்.

பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசநபூஷணத்தில் ஆத்மகுணங்களுள் இவ்விரண்டையும் முதன்மையாக வைத்தார். இவை உண்டானால் ஆசார்யன் கிட்டுவான். அவன்வழித் திருமந்த்ரமும், அதன்வழி ஈச்வரனும் என்று அடுக்குகிறார். அங்கு அகம் புறம் என்ற வழக்கை எழுப்பாமல் இரண்டையும் சேர்த்தே எண்ணுகிறார்.