தேசிய மகளிர் கால்பந்து சாம்பியன்ஷிப்: 2017–18 பருவம்

தேசிய மகளிர் கால்பந்து சாம்பியன்ஷிப்பின் 2017–18 பருவத்தில்தான் தமிழ்நாடு முதன்முறையாக அந்தக் கோப்பையை வென்றது. போட்டி ஒடிசா மாநிலம் கட்டாக் நகரில் நடந்தது. 2018 பிப்ரவரியில் பாராபதி மைதானத்தில் நடந்த இறுதியாட்டத்தில், அதுவரை 18 முறை பட்டம் வென்றிருந்த மணிப்பூரைத் தமிழ்நாடு 2–1 என்ற கோல் கணக்கில் தோற்கடித்தது. நந்தினியும் இந்துமதி கதிரேசனும் தமிழ்நாட்டுக்காக ஆளுக்கொரு கோல் அடித்தனர்.

மாநில அணிகளுக்கான தேசியப் போட்டியில் ஆண்களுக்கு உரியது சந்தோஷ் கோப்பை. 1941 முதல் நடந்துவரும் அந்தக் கோப்பையைத் தமிழ்நாட்டு ஆண்கள் அணி இன்றுவரை வென்றதில்லை. 2012இல் இறுதிவரை வந்து, சர்வீசஸ் அணியிடம் 3–2 என்று தோற்றது. அந்த இறுதியாட்டமும் கட்டாக்கில்தான் நடந்தது. ஆறு ஆண்டுகள் கழித்து, ஆண்கள் தோற்ற அதே நகரத்திலிருந்து பெண்கள் கோப்பையோடு ஊர் திரும்பினார்கள். தமிழ்நாட்டுக் கால்பந்து வரலாற்றை எழுதுபவர்கள் இந்த வெற்றியை அடிக்குறிப்பில் ஒதுக்கிவிட முடியாது. முதல் பக்கத்தில் வைக்க வேண்டிய செய்தி இது.

போட்டியின் பின்னணி

இந்தியாவில் மகளிர் கால்பந்துக்கென்று தனிச் சம்மேளனம் 1975இல் உருவானது. தேசிய அளவிலான போட்டிகள் அதன் பொறுப்பில் தொடங்கின. 1980 தொடக்கத்தில் கோழிக்கோட்டில் நடந்த ஆசிய மகளிர் சாம்பியன்ஷிப்பில் இந்தியா இறுதியாட்டம் வரை சென்று சீன தைபேயிடம் தோற்றது. அந்தத் தலைமுறையின் முன்னணி வீராங்கனை சாந்தி மல்லிக், 1983இல் அர்ஜுனா விருது பெற்றார். பெண் கால்பந்து வீரர் ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல்முறை. பின்னர் மகளிர் ஆட்டத்தின் நிர்வாகம் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் கைக்கு வந்தது. இப்போதைய சாம்பியன்ஷிப் 1991–92 பருவத்திலிருந்து கணக்கிடப்படுகிறது. பெண்களுக்கான முதல் உலகக் கோப்பை சீனாவில் நடந்ததும் 1991இல்தான்.

பெண்கள் கால்பந்து எல்லா நாட்டிலும் முட்டி மோதித்தான் மைதானத்துக்குள் வந்திருக்கிறது. இங்கிலாந்தில் 1920 டிசம்பரில் லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில் டிக் கெர் மகளிர் அணியின் ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் திரண்டனர். அடுத்த ஆண்டே அங்குள்ள கால்பந்துச் சங்கம், தன் உறுப்பினர் கிளப்புகளின் மைதானங்களில் பெண்கள் ஆடக்கூடாது என்று தடை போட்டது. கூட்டம் வரவில்லை என்று நிறுத்தியிருந்தால் ஒருவாறு புரிந்துகொள்ளலாம். கூட்டம் குவிந்த ஆட்டத்தைத்தான் நிறுத்தினார்கள். அந்தத் தடை ஏறத்தாழ அரை நூற்றாண்டு நீடித்தது. அது விலகிய காலத்தில், 1970–71இல், பெண்களுக்கான முதல் நாக்-அவுட் கோப்பை அங்கே நடந்தது. 71 அணிகள் கலந்துகொண்ட அந்தப் போட்டியின் இறுதியாட்டம் 1971 மே 9 அன்று லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடைபெற, சவுத்தாம்ப்டன் அணி ஸ்காட்லாந்தின் ஸ்டூவர்ட்டன் திஸ்டில் அணியை 4–1 என்று வென்றது. இன்று மகளிர் எஃப்.ஏ. கோப்பை என்று அழைக்கப்படுவது அதுதான். அதன் 2023ஆம் ஆண்டு இறுதியாட்டத்துக்கு வெம்ப்ளி மைதானத்தில் 77,000க்கும் அதிகமான பார்வையாளர்கள் வந்தனர்.

ஆட்ட முறை

எஃப்.ஏ. கோப்பை முதல் சுற்றிலிருந்தே நாக்-அவுட் முறையில் நடப்பது: தோற்ற அணி அத்தோடு வெளியே. இந்தியாவின் தேசிய சாம்பியன்ஷிப் அப்படியல்ல. அணிகளைக் குழுக்களாகப் பிரித்து முதலில் லீக் ஆட்டங்கள், அதில் முன்னேறியவர்களுக்கு நாக்-அவுட் ஆட்டங்கள் என்று நம் ஊர்ப் போட்டி நோட்டீஸ்களில் ‘லீக்-கம்-நாக்அவுட்’ என்று போடுவார்களே, அந்த முறை. மாநில அணிகளோடு ரயில்வே போன்ற நிறுவன அணிகளும் களமிறங்கும். நாக்-அவுட் ஆட்டம் 90 நிமிடங்களில் சமநிலையில் நின்றால் கூடுதல் நேரம், அதிலும் தீராவிட்டால் பெனால்டி ஷூட்-அவுட். 2021–22 பருவத்தில், கோழிக்கோட்டில் நடந்த இறுதியாட்டம் அப்படித்தான் முடிந்தது. கோலே விழாத அந்த ஆட்டத்தில் மணிப்பூர் பெனால்டியில் ரயில்வேயை வென்றது.

இந்த முறையில் ஒரு குறை உண்டு. வெவ்வேறு மாநிலங்களிலிருந்து வரும் அணிகள் குறுகிய காலத்துக்குள் அடுத்தடுத்து ஆட்டங்களை ஆடி முடிக்க வேண்டும். இடையில் ஓய்வு குறைவு, காயம் பட்டால் தேற நேரமில்லை. குழுச்சுற்றிலேயே வெளியேறும் அணிக்கு அந்த ஆண்டின் தேசியப் போட்டி சில ஆட்டங்களோடு முடிந்துவிடும். பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி ஆண்டு முழுக்கப் பயிற்சி எடுத்து, போட்டி ஆட்டம் என்று கையில் எண்ணிவிடும் அளவுக்குத்தான் ஆடுகிறாள் என்றால், அவளுடைய ஆட்டம் எப்படி வளரும்? தமிழ்நாடு கோப்பையை வென்ற பருவத்திலும் இந்த நிலைமைதான் இருந்தது. வென்றார்கள் என்பதற்காக முறை சரியாகிவிடாது.

மணிப்பூர் என்னும் மலை

2018 வரையிலான இந்தச் சாம்பியன்ஷிப்பின் வரலாறு பெரும்பாலும் மணிப்பூரின் வரலாறு. மற்ற மாநிலங்கள் இரண்டாம் இடத்துக்குத்தான் போட்டியிடுகின்றன என்று சொல்லத்தக்க காலங்கள் இருந்தன. ரயில்வே அணி 2015–16இல் ஒருமுறை பட்டத்தைப் பறித்தது. இந்தியா முழுவதும் அறிந்த ஓய்னம் பெம்பெம் தேவி மணிப்பூரின் பெண். அவருக்கு 2017இல் அர்ஜுனா விருதும், 2020இல் பத்மஸ்ரீயும் கிடைத்தன. 2016–17இல் தொடங்கிய இந்திய மகளிர் லீக்கின் முதல் பட்டத்தை வென்றதும் மணிப்பூரின் ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியன்தான். அந்த மாநிலத்தில் பெண்களுக்கென்று கிளப்புகள் உண்டு, அந்தக் கிளப்புகளுக்குள் போட்டி உண்டு, சிறுமியாக இருக்கும்போதே பந்தைத் தொடும் வழக்கம் உண்டு. மாநில அணி என்பது அவற்றின் மேல்நுனி மட்டுமே. அப்படிப்பட்ட அணியை இறுதியாட்டத்தில் வீழ்த்தியதுதான் தமிழ்நாட்டு வெற்றியின் கனம். எதிரே வேறு அணி இருந்திருந்தால் கோப்பை அதே கோப்பைதான், பெருமை இந்த அளவு இருந்திருக்காது.

கடலூர்

தமிழ்நாட்டு அணியின் பலம் எங்கிருந்து வந்தது என்று தேடினால் கடலூருக்குப் போய்ச் சேர்வோம். பயிற்சியாளர் மாரியப்பன் அங்கே நடத்திய இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்வி அகாடமி, எளிய குடும்பங்களின் பெண் பிள்ளைகளுக்குப் பந்தும் படிப்பும் சேர்த்துக் கொடுத்தது. 2004 சுனாமி புரட்டிப்போட்ட கடற்கரை மாவட்டம் அது. அங்கிருந்து ஒருவர் பின் ஒருவராக இந்திய அணிவரை வீராங்கனைகள் சென்றார்கள். இந்துமதி கதிரேசன், சுமித்ரா காமராஜ் ஆகியோர் அந்த மாவட்டம் தந்தவர்கள். நடுக்கள ஆட்டக்காரரான இந்துமதி தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் பணியாற்றினார். கொரோனா காலத்தில் சீருடையில் தெருவில் நின்று பணி செய்து, பிறகு மீண்டும் இந்திய அணியின் பனியனை அணிந்தவர் அவர். அரசு வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை ஒரு வீட்டில் பெண்ணை மைதானத்துக்கு அனுப்பும் முடிவை எவ்வளவு எளிதாக்குகிறது என்பது கிராமத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைகளைக் குறை சொல்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கட்டாக்கில் கோப்பை வென்ற அடுத்த மாதமே, ஷில்லாங்கில் இந்திய மகளிர் லீக்கின் இரண்டாவது பருவத்தின் இறுதிச்சுற்று தொடங்கியது. அதில் ஆடிய ஏழு அணிகளில் இரண்டு தமிழ்நாட்டு அணிகள்: ஒன்று கடலூர் அகாடமி, மற்றொன்று மதுரையின் சேது எஃப்.சி. வங்கதேச அணியின் சபீனா காத்தூன் சேது அணிக்காக ஆடியது அந்தப் பருவத்தில்தான். பட்டத்தை ஒடிசாவின் ரைசிங் ஸ்டூடண்ட்ஸ் கிளப் வென்றது. அடுத்த பருவத்தில், 2019 மே மாதம் லூதியானாவில், சேது அணி மணிப்பூர் போலீஸ் அணியை 3–1 என்று வென்று லீக் சாம்பியன் ஆனது. ஆகப் பதினைந்து மாத இடைவெளியில் மாநிலங்களுக்கான கோப்பை, கிளப்புகளுக்கான லீக் இரண்டுமே தமிழ்நாட்டுக்கு வந்தன. இரண்டு இறுதியாட்டங்களிலும் எதிரே நின்றது மணிப்பூர்.

2019 தீபாவளிக்கு ‘பிகில்’ படம் வந்தது. தமிழ்நாட்டு மகளிர் கால்பந்து அணி கோப்பைக்காகப் போராடும் கதை. கோடிக்கணக்கானோர் பார்த்துக் கைதட்டினார்கள், அதில் தவறில்லை. ஆனால் படம் கற்பனை செய்ததை அதற்கு முந்தைய ஆண்டே நிஜப் பெண்கள் செய்து முடித்திருந்தார்கள் என்பது கைதட்டியவர்களில் பலருக்குத் தெரியாது. திரையில் வந்த பாத்திரங்களின் பெயர் தெரிந்த பிள்ளைகளுக்கு இந்துமதியின் பெயரும் நந்தினியின் பெயரும் தெரிய வேண்டும். பள்ளிப் பாடநூலில் ஒரு பக்கம் இவர்களுக்கு ஒதுக்கலாம்.

பிந்தைய பருவங்கள்

2018 செப்டம்பரில் மீண்டும் கட்டாக்கிலேயே நடந்த அடுத்த போட்டியில் மணிப்பூர் ஒடிசாவை வென்று பட்டத்தை மீட்டது. தொடர்ந்து 2019–20, 2021–22 பருவங்களும் அதற்கே. தமிழ்நாடு தன் இரண்டாவது பட்டத்தை 2022–23 பருவத்தில், 2023 ஜூன் மாதம் அமிர்தசரஸில், ஹரியானாவை 2–1 என்று வென்று பெற்றது. கடலூரும் மதுரையும் போட்ட அடித்தளம் ஒருமுறை வெடித்து அணைந்த மத்தாப்பு இல்லை என்று அந்த இரண்டாவது பட்டம் காட்டியது. 2023–24 முதல் போட்டிக்கு ராஜமாதா ஜிஜாபாய் கோப்பை என்று பெயர் சூட்டப்பட்டது. அந்தப் பெயரில் முதல் கோப்பை மணிப்பூருக்குப் போனது.

தேனிப் பக்கம்

தேவதானப்பட்டியிலோ தேனி மாவட்டத்தின் வேறெந்த ஊரிலோ உள்ள பெண் பிள்ளைக்கு மாநில அணியின் பனியன் எவ்வளவு தூரம்? பள்ளி அணி, குறுவட்டப் போட்டி, மாவட்டம், மாநிலம் என்று படிகள் இருக்கின்றன. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளும் மாவட்ட அளவிலிருந்தே தொடங்குகின்றன. ஆனால் அந்தப் படிகளில் ஏற, முதலில் பதினொரு பெண்கள் சேர்ந்த பள்ளி அணி வேண்டும். எதிரே ஆட இன்னொரு பள்ளியின் அணியும் வேண்டும். இரண்டாவது இல்லாவிட்டால் முதலாவது நிலைக்காது. ஆட்டமில்லாத அணி ஒரே வருடத்தில் கலைந்துவிடும்.

விளையாட்டுப் பற்று இந்தப் பகுதிக்குப் புதிதில்லை. தேவதானப்பட்டிக்கு அருகிலுள்ள பெரியகுளத்தில் கோடைதோறும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடக்கிறது. நாட்டின் முன்னணி அணிகள் அங்கே வந்து ஆடுகின்றன, ஊரே கேலரியில் உட்கார்ந்து பார்க்கிறது. அந்தப் போட்டியைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் கூடைப்பந்தைக் கையில் எடுத்தார்கள். பெரிய போட்டி ஒன்று ஊருக்குள் தொடர்ந்து நடப்பதன் பலன் அது. பெண்கள் கால்பந்துக்கும் அப்படியொன்று தேவை. எட்டு அணிகள், மூன்று சுற்று, ஏழு ஆட்டங்கள். ஒரு நாக்-அவுட் கோப்பைக்கு இவ்வளவு போதும். பெரியகுளம், தேனி, போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று மாவட்டத்தில் ஊர்களுக்குப் பஞ்சமில்லை.

உடற்கல்வி ஆசிரியர்களும் ஊர்ப் பெரியவர்களும் உள்ளூர் விளையாட்டுக் குழுக்களும் இதை முன்னெடுக்க வேண்டும். திருவிழாவுக்கு ஆண்களுக்கு மின்னொளிப் போட்டி வைக்கும்போது, அதே மைதானத்தில், அதே விளக்கில், அதே பரிசுத் தொகையில் பெண்களுக்கும் ஒரு கோப்பை வையுங்கள். வரும் கோடையிலேயே தொடங்குங்கள்.