ஹோப் சுவரொட்டி

அமெரிக்கக் கலைஞர் ஷெப்பர்ட் ஃபேரி 2008இல் உருவாக்கிய பராக் ஒபாமாவின் உருவப்படச் சுவரொட்டி. ‘ஹோப்’ என்றால் நம்பிக்கை. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்துக்காக மேனி கார்சியா 2006 ஏப்ரலில் எடுத்த ஒளிப்படமே இதற்கு மூலம். ஃபேரி முகத்தின் ஒளியையும் நிழலையும் தனித்தனிப் பரப்புகளாகப் பிரித்து, சிவப்பு, வெளிர்மஞ்சள், இரு நீலங்கள் ஆகியவற்றால் நிரப்பினார். அடியில் பெரிய எழுத்தில் ஒற்றைச் சொல்லைப் பொறித்தார்.

இதன் கலப்பு ஊடக வடிவம் வாஷிங்டனிலுள்ள தேசிய உருவப்படக் காட்சியகத்தில் இருக்கிறது. கெட்டித்தாளில் காகிதத் துண்டுகளை ஒட்டி, அச்சுத்தகடு வெட்டி, அக்ரிலிக் வண்ணம் பூசிச் செய்தது அது. வண்ணத்தினூடே நாளிதழ் நறுக்குகளும் தெரிவது அதன் தனியழகு. அக்காட்சியகம் 2009 ஜனவரியில், ஒபாமா அதிபராகப் பதவியேற்கும் முன்பே, அதைத் தன் தொகுப்பில் சேர்த்தது.

மூல ஒளிப்படத்தின் பதிப்புரிமை குறித்து எழுந்த வழக்கு 2011இல் சமரசத்தில் முடிந்தது.