கார்பாலிக் தூவலும் தாதியர் மூச்சும்

அறுவைப் புண் சீழ் பிடித்து மக்கள் மாண்டுவந்த காலத்தில், கிருமியைக் கொன்று உயிரைக் காக்கலாம் என்று நிலைநாட்டியவர் ஜோசப் லிஸ்டர். அவர் பெருமையை உலகம் அறியும். அவர் தூவிய மருந்தை மூச்சில் ஏற்றுப் பணி செய்தவரைப் பற்றிப் பேசுவோர் சிலரே.

1865 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், கிளாஸ்கோ அரச மருத்துவமனைக்கு 11 வயதுச் சிறுவன் ஒருவன் கொண்டுவரப்பட்டான். வண்டிச் சக்கரம் ஏறியதால் கால் எலும்பு முறிந்து, தோலும் கிழிந்திருந்தது. அந்நாளில் இத்தகைய காலைப் பெரும்பாலும் வெட்டி நீக்கிவிடுவர். லிஸ்டரோ, கரித்தாரிலிருந்து எடுக்கப்படும் கார்பாலிக் அமிலத்தில் தோய்த்த துணியால் புண்ணைக் கட்டினார். ஆறு வாரங்களில் எலும்பு கூடிற்று, புண்ணும் ஆறிற்று.

புண்ணைக் கெடுக்கும் கிருமி காற்றிலிருந்தும் வருகிறது என்று அவர் கருதினார். ஆதலின், 1871 ஆம் ஆண்டளவில், அறுவை மேசையைச் சூழக் கார்பாலிக் நீரைப் பனிபோலத் தூவும் கருவியைப் புகுத்தினார். அறுவை முடியுமளவும் மருத்துவரும் உதவியாளரும் அத்தூவலின் நடுவே நின்றனர். கண் எரிந்தது, கைத்தோல் வெளுத்து மரத்தது, மூச்சுக்குழல் உறுத்தியது.

1890 இல் பெர்லின் நகரில் கூடிய அனைத்துலக மருத்துவ மாநாட்டில், தூவலைப் பரிந்துரைத்தமைக்காகத் தாம் நாணுவதாக லிஸ்டரே கூறினார். அறிஞர்க்கு அழகு இதுவே. ஆயினும், ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். தூவல் கைவிடப்பட்டதற்கு அடிப்படைக் காரணம், காற்றுக் கிருமியால் விளையும் கேடு சிறிது என்று தெளிந்தமையே. அருகில் நின்றவர் மூச்சு அன்று முதற்பொருளாக எண்ணப்படவில்லை.

அக்குறை அடுத்த நூற்றாண்டிலும் தொடர்ந்தது. 1960களில் மருத்துவக் கருவிகளைத் தூய்மை செய்யக் குளுட்டரால்டிஹைடு என்னும் மருந்து வழக்கிற்கு வந்தது. உடலின் உட்பகுதியைக் காணும் குழாய்களை அதில் ஊறவைத்த தாதியர் சிலருக்கு, ஆண்டுகள் சென்றபின் ஆஸ்துமா கண்டது. நோயாளிக்கு நன்மை செய்த மருந்தே பணியாளருக்கு நோயாயிற்று.

அமெரிக்கத் தாதியர் 73,262 பேரை 2009 முதல் 2015 வரை கவனித்த ஆராய்ச்சி 2019 இல் வெளிவந்தது. கிருமிநாசினிகளை வாரந்தோறும் மிகுதியாகக் கையாண்டவரிடம், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் ஏற்படும் வாய்ப்பு 25 முதல் 38 விழுக்காடு வரை கூடுதலாகக் காணப்பட்டது. புகைப்பழக்கத்தையும் கணக்கிற்கொண்டு கண்ட முடிவு இது.

கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில் தெருவெங்கும் மருந்து தூவப்பட்டதைக் கண்டோம். ஆட்கள் மீது தூவுவது எந்நிலையிலும் கூடாது என்றும், அறைகளில் தூவித் தூய்மை செய்வதை வழக்கமாகக் கொள்ளலாகாது என்றும் 2020 மே திங்களில் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. நுண்துளி நுரையீரலின் ஆழம்வரை செல்லவல்லது. துணியில் நனைத்துத் துடைத்தால் காற்றில் கலக்கும் மருந்து குறையும். சன்னலைத் திறந்துவைத்தால் மேலும் குறையும். சலவைக் குளோரின் நீரோடு அமிலத்தையோ அம்மோனியாவையோ கலப்பின் நச்சுவாயு எழும் என்பதையும் மறத்தலாகாது.

ஆசிரியப் பெருமக்களே! லிஸ்டர் பாடத்தை நடத்துங்கால், அத்தூவலின் நடுவே நின்றவரையும் மாணவர்க்குக் காட்டுவோமாக. நம் பள்ளியில் தரை துடைக்கும் அம்மையாரின் மூச்சையும் அவர்கள் எண்ணிப்பார்க்கக் கற்பார்கள்.