மணல் முதல் கார்பன் வரை: எண்ணூர்க் கரையில் துறைமுகங்களை அளந்த கோல்கள்

திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்குக் கோடியில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கும் நெசவூர் அம்மையார்குப்பம். திருத்தணி மலையின் சுற்றுவட்டாரம். உப்புக்காற்று எட்டாத இடம். அதே மாவட்டத்தின் கிழக்குக் கோடியில், எண்ணூருக்கு அருகே காமராசர் துறைமுகமும் அதை அடுத்துக் காட்டுப்பள்ளித் துறைமுகமும் இருக்கின்றன. இந்த இரு கோடிகளுக்கும் நடுவே இரண்டு தொடர்புகள் உண்டு. முதலாவது ஆறு. ஆந்திரத்துக் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்துவிட்டால் பள்ளிப்பட்டுப் பக்கத்துத் தரைப்பாலங்களை மூழ்கடித்தபடி வரும் கொசஸ்தலையாறு, பூண்டி நீர்த்தேக்கத்தைக் கடந்து எண்ணூர் முகத்துவாரத்தில் கடலைச் சேர்கிறது. இரண்டாவது மின்சாரம். எண்ணூரில் இறங்கும் நிலக்கரியை எரித்து வடசென்னை அனல்மின் நிலையம் தரும் மின்சாரம் மாநிலத் தொகுப்பில் கலக்கிறது. அம்மையார்குப்பத்து விசைத்தறிகள் ஓடுவதும் அந்தத் தொகுப்பிலிருந்துதான்.

துறைமுகங்களும் கப்பல்களும் சூழலுக்குச் செய்யும் நன்மை தீமைகளை அளக்கும் முறை எப்படி வளர்ந்தது என்பதை இந்தக் கரையை வைத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். அளவுகோல்கள் நுட்பமாகிக்கொண்டே வந்திருக்கின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் அவற்றைக் கையில் பிடித்திருந்தவர் யார், எங்கே நின்று அளந்தார் என்று கேட்டால் வேறொரு வரலாறு தெரிகிறது. அளவை பெரும்பாலும் துறைமுக மதிற்சுவரோடு நின்றுகொண்டது. அதை வெளியே இழுத்து வந்தவை நீதிமன்றமும் விபத்துமே.

மணல்

சென்னைத் துறைமுகக் கட்டுமானத்துக்கு 1875இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஏறத்தாழ முடியும் தறுவாயில், 1881 நவம்பர்ப் புயலில் அலைதடுப்புச் சுவர்களின் பெரும்பகுதி சரிந்தது. மீண்டும் கட்டி முடிக்க அந்த நூற்றாண்டின் இறுதி ஆயிற்று. புயலைக் காட்டிலும் பிடிவாதமான எதிரி மணல்தான். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தைச் சென்னை மீனவர்கள் ‘தெண்டி’ என்பார்கள். அது சுமந்து வரும் மணலைச் சுவர் வழிமறித்தது. தெற்கே கரை அகன்றது. இன்று மெரினாவில் கால் புதைய நடக்கும் மணல்வெளியில் பெரும்பங்கு அப்படிச் சேர்ந்ததுதான். வடக்கே மணல் வரத்து நின்றதால் ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் கடல் ஊருக்குள் ஏறியது.

துறைமுகத்துக்கு முதலில் இருந்த வாய் கிழக்கு நோக்கியது. அது மணலால் தூரத் தொடங்கவே, துறைமுகப் பொறுப்பில் 1904 முதல் 1919 வரை இருந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் அதை அடைத்து வடகிழக்கில் புதுவாயைத் திறந்தார். சென்னைத் துறைமுகத்தருகே மணல் நகரும் விதத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை லண்டன் சிவில் பொறியாளர் கழகத்தின் நடவடிக்கைத் தொகுதியில் 1912–13 வாக்கில் வெளியானது. ஒரு துறைமுகம் தன் கரையை எப்படி மாற்றியது என்பதை அந்தத் துறைமுகத்தின் தலைவரே எண்களோடு பதிவு செய்தது, என் கருத்தில், இந்தியத் துறைமுகச் சூழலளவையின் தொடக்கப் புள்ளி. ‘சுற்றுச்சூழல்’ என்ற பேச்சு வருவதற்கு அரை நூற்றாண்டு முந்திய வேலை அது.

ஆயினும் அந்த அளவையின் நடுவில் இருந்தது துறைமுகத்தின் வாய்தான். மணல் எத்தனை அடி முன்னேறினால் கப்பல் நுழைய முடியாமல் போகும் என்பதே அதன் கேள்வி. வடகரையில் போன நிலம் அந்தக் கணக்கின் ஓரத்தில்தான் வருகிறது. பிறகு வந்த காலம் அந்த ஓரத்தைக் கருங்கல்லைக் கொட்டியே நிரப்பியது: முதலில் கல்சுவர், பின்பு தூண்டில் வளைவுகள். ஓரிடத்துத் தூண்டில் வளைவு அந்த இடத்தின் அரிப்பை நிறுத்தி அடுத்த குப்பத்துக்குத் தள்ளும் என்பது கடலோரத்தில் சிறுபிள்ளைக்கும் தெரிந்த செய்தி.

எண்ணெயும் ஏடுகளும்

கப்பல்களை அளக்கும் உலகளாவிய முறை ஒரு விபத்திலிருந்து பிறந்தது. 1967இல் டோரி கேன்யன் என்ற எண்ணெய்க் கப்பல் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையருகே பாறையில் மோதி உடைந்தது. அதன் அதிர்ச்சியில் 1973இலும் 1978இலும் உருவான மார்பொல் உடன்படிக்கை 1983இல் நடைமுறைக்கு வந்தது. கப்பல் எவ்வளவு எண்ணெய்க் கழிவைக் கடலில் விடலாம், எங்கே விடக்கூடாது, எந்தப் பதிவேட்டில் எழுதவேண்டும் என்று அது வகுத்தது. புகையைப் பற்றிய ஆறாம் இணைப்பு 1997இல் ஏற்கப்பட்டாலும் 2005இல்தான் செயலுக்கு வந்தது. எரிபொருளில் கந்தகம் 4.5 விழுக்காடுவரை இருக்கலாம் என்ற வரம்பு 2012இல் 3.5 ஆகவும், 2020 ஜனவரி 1 முதல் 0.5 ஆகவும் இறங்கியது. இது ஓர் உண்மையான சாதனை. எரிபொருளைச் சோதித்தால் விடை கிடைத்துவிடும். மழுப்ப இடம் குறைவு.

துறைமுகங்களின் கதை அப்படி அல்ல. ஐரோப்பியத் துறைமுக அமைப்பு 1994இல் ஒரு நடத்தை நெறியை வெளியிட்டது. அதைத் தொடர்ந்து துறைமுகமே தனக்குத் தானே வினாத்தாள் வைத்துக்கொள்ளும் தன்னாய்வு முறை வளர்ந்தது. 1996இல் ஐ.எஸ்.ஓ. 14001 வந்தது. இந்தியத் துறைமுகங்கள் பலவற்றின் நுழைவாயிலில் அந்தச் சான்றிதழின் பெயரைக் காணலாம். அந்தத் தரநிலை சோதிப்பது நிர்வாக முறையை. கொள்கை எழுதப்பட்டுள்ளதா, பொறுப்பாளர் இருக்கிறாரா, தணிக்கை நடக்கிறதா என்று அது கேட்கும். காற்றில் இத்தனை மைக்ரோகிராம் தூசிதான் இருக்கவேண்டும் என்று அது சொல்வதில்லை. சான்றிதழ் பெற்ற துறைமுகத்தின் பக்கத்துத் தெருவில் கொடியில் உலர்த்திய வெள்ளைத் துணி கறுத்துப்போவதில் முரண் ஏதும் கிடையாது.

தூசி

ராயபுரத்தில் அதுதான் நடந்தது. சென்னைத் துறைமுகத்தில் திறந்தவெளியில் குவிக்கப்பட்ட நிலக்கரியும் இரும்புத்தாதும் காற்றில் எழுந்து வடசென்னைக் குடியிருப்புகளில் படிந்தன. மாற்று ஏற்பாடு முன்பே திட்டத்தில் இருந்தது. நிலக்கரிக்கென்றே எண்ணூரில் கட்டப்பட்ட துறைமுகம் 1999இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு 2001இல் திறக்கப்பட்டது. 2014இல் காமராசர் பெயரைப் பெற்றது. இருந்தும் சென்னைத் துறைமுகம் கறுப்புச் சரக்கை விட்டுவிடவில்லை. 2011 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, அக்டோபர் 1 முதல் நிலக்கரியையும் இரும்புத்தாதுவையும் அங்கே கையாளக்கூடாது என்றது. 2010–11இல் 6 கோடி டன்னைத் தாண்டியிருந்த சென்னைத் துறைமுகச் சரக்கு அடுத்த ஆண்டுகளில் சரிந்தது.

இந்தியத் துறைமுக வரலாற்றில் சூழல் காரணமாக ஒரு சரக்கையே நிறுத்திய இந்தத் தீர்ப்பு போதிய அளவு ஆராயப்படவில்லை. இங்கே அளவுகோலை எடுத்தவர்கள் துறைமுகத்தின் அயலார். அளந்த இடம் அவர்கள் வீட்டு முற்றம். தீர்ப்பு ராயபுரத்துக்கு மூச்சு கொடுத்தது. ஆனால் நிலக்கரி மறைந்துவிடவில்லை, வடக்கே நகர்ந்தது. சென்னைத் துறைமுகத்தின் ஏட்டில் தூசி குறைந்ததாகவும் எண்ணூரின் ஏட்டில் சரக்கு வளர்ந்ததாகவும் பதிவாயிற்று. 2020 மார்ச்சில் மத்திய அரசு கையிலிருந்த மூன்றில் இரண்டு பங்கைச் சென்னைத் துறைமுகமே வாங்கிக் காமராசர் துறைமுகத்தை முழுவதும் தனதாக்கியது. வெளியேற்றப்பட்ட கறுப்புச் சரக்கு வருமானமாக வீடு திரும்பிற்று என்று சொன்னால் மிகையில்லை.

எண்ணூரில் அந்தச் சரக்கு ஏற்கெனவே நொந்த நிலத்தில் வந்து சேர்ந்தது. அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய்கள் உடைந்து கொசஸ்தலையாற்றில் சாம்பல் படிந்தது பசுமைத் தீர்ப்பாயம்வரை போன வழக்கு. வரைபடமே வழக்கானதும் உண்டு: 1996இல் மத்திய அரசின் ஒப்புதல் பெற்ற கடலோர மேலாண்மை வரைபடத்தில் இருந்த கழிமுகப் பரப்பு, பின்னர்ப் புழக்கத்துக்கு வந்த வரைபடத்தில் காணவில்லை என்று சூழல் செயற்பாட்டாளர்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் பெற்ற ஆவணங்களைக் காட்டினர். வரைபடத்தில் நீர்நிலையே இல்லையென்றால் அதன் சேதத்தை அளக்கவேண்டிய அவசியமும் இல்லாமல் போகும்.

2017 ஜனவரி 28 விடியற்காலையில் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள் என்ற எரிவாயுக் கப்பலும் டான் காஞ்சிபுரம் என்ற எண்ணெய்க் கப்பலும் மோதிக்கொண்டன. சூழலுக்குச் சேதம் இல்லை என்பதே துறைமுகத் தரப்பின் முதல் அறிவிப்பு. அது வடகிழக்குப் பருவத்தின் கடைசிக் காலம்; நீரோட்டம் தெற்கு நோக்கி இருந்தது. எர்ணாவூர்க் கரையில் கறுப்புக் கூழ் ஒதுங்கி, மெரினாவையும் தாண்டிப் போனது. கசிவு சுமார் 20 டன் என்று பேசப்பட்டது. கடைசியில் ஏறத்தாழ 196 டன் என்றானது. வாளியும் கையுமாகத் தன்னார்வலர்கள் அள்ளிய படங்கள் உலகம் முழுதும் பரவின. அளவைக்கான கருவியே அங்கு இல்லை என்று இதைக் கொள்ளக்கூடாது. கப்பலின் தொட்டியில் இருந்தது எவ்வளவு, மீந்தது எவ்வளவு என்ற கழித்தல் கணக்கு முதல் வாரத்திலேயே சாத்தியம். கணக்கைச் செய்யவேண்டியவருக்கு அவசரம் இல்லை, அவ்வளவுதான்.

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே இதே கழிமுகத்தில் பரவியது. ஆலைக்குக் கச்சா எண்ணெய் குழாய் வழியாக வருவது சென்னைத் துறைமுகத்திலிருந்து. எந்தத் துறைமுகத்தின் சூழல் அறிக்கையிலும் அந்தக் கசிவுக்கு இடமில்லை.

டன்னுக்கு எத்தனை கிலோ

மத்தியக் கப்பல் துறை அமைச்சகம் 2016இல் பசுமைத் துறைமுக முயற்சியைத் தொடங்கியது. 2023 மே மாதம் ‘ஹரித் சாகர்’ வழிகாட்டு நெறிகள் வெளியாயின. கையாளும் ஒவ்வொரு டன் சரக்குக்குமான கார்பன் வெளியேற்றத்தை 2030க்குள் 30 விழுக்காடும் 2047க்குள் 70 விழுக்காடும் குறைக்கவேண்டும். புதுப்பிக்கத்தக்க ஆற்றலின் பங்கு 2030க்குள் 60, 2047க்குள் 90 விழுக்காடு. துறைமுக வளாகத்தில் பசுமைப் பரப்பு முதலில் 20, பிறகு 33 விழுக்காடு. முதன்முறையாகத் துறைமுகங்கள் எண்களுக்குப் பதில் சொல்லவேண்டிய நிலை வந்தது, அது வரவேற்கத்தக்கதே.

ஆனால் ‘ஒரு டன் சரக்குக்கு’ என்ற அலகை உற்றுப்பார்க்கவேண்டும். நிலக்கரி கனமான சரக்கு. கன்வேயரில் ஏறி நேரே மின்நிலையத்துக்குப் போகிறது. அதை இறக்க ஒரு டன்னுக்குச் செலவாகும் ஆற்றல் சொற்பம். எனவே நிலக்கரி கூடக்கூட இந்த அளவுகோலில் துறைமுகம் பசுமையாகத் தெரிய வாய்ப்பு உண்டு. அந்த ஒரு டன் நிலக்கரி அனல்மின் உலையில் எரிந்து அதைவிடக் கூடுதல் எடையில் கரியமில வாயுவாகப் புகைபோக்கியில் ஏறுவது துறைமுகத்தின் கணக்கில் இல்லை. மின்நிலையத்தின் கணக்கில் இருக்கிறது என்பார்கள். அங்கே கேட்டால் மின்சாரம் மக்களுக்கு என்பார்கள். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம் தரும் மாநிலத்தில், அம்மையார்குப்பத்து லுங்கியில் ஏறிய கார்பன் எத்தனை கிராம் என்று யாரும் கேட்டதில்லை. நெசவாளியிடம் கேட்பது நியாயமும் அல்ல.

கப்பல்களுக்கு 2023 முதல் நடப்பிலுள்ள கார்பன் தரவரிசையிலும் இதே சிக்கல். 5,000 டன்னேஜும் அதற்கு மேலுமான கப்பல்களுக்கு ‘ஏ’ முதல் ‘ஈ’ வரை ஆண்டுதோறும் மதிப்பெண். பெரும்பாலான சரக்குக் கப்பல்களுக்குக் கணக்கு, ஏற்றிச் சென்ற சரக்கின் எடையை வைத்து அல்ல. ஏற்றக்கூடிய கொள்ளளவையும் ஓடிய தூரத்தையும் வைத்து. வெறுங்கப்பலாக நீண்ட தூரம் ஓடினாலும் மதிப்பெண் கெடாது. துறைமுகத்தில் இடம் கிடைக்காமல் நங்கூரமிட்டுக் காத்திருந்தால் கெடும்: எரிபொருள் செலவாகிறது, தூரம் கூடவில்லை. துறைமுகத்தின் தாமதத்துக்குக் கப்பல் தண்டனை பெறுகிறது. கப்பலையும் துறைமுகத்தையும் தனித்தனி ஏட்டில் அளப்பதன் விளைவு இது.

காட்டுப்பள்ளியும் முகத்துவாரமும்

சேதத்தை வெளியே நின்று அளந்தால் எண் எப்படி மாறும் என்பதற்கு அண்டையில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2021இல் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்து மூழ்கி, ஏறத்தாழ 1,680 டன் பிளாஸ்டிக் மணிகள் கடலில் கலந்தன. இலங்கை மீனவர்கள் மாதக்கணக்கில் கடலுக்குப் போக முடியாமல் கரையில் நின்றார்கள். 2025 ஜூலையில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 100 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. மீனவர் இழந்த தொழிலும் அந்தத் தொகைக்குள் வந்தது.

எண்ணூருக்கு அருகே இப்போது நிலுவையில் உள்ள கேள்வி காட்டுப்பள்ளி விரிவாக்கம். சுமார் 330 ஏக்கரில் உள்ள துறைமுகத்தை 6,000 ஏக்கருக்கு மேலாகவும், ஆண்டுக்கு ஏறத்தாழ 2.5 கோடி டன் திறனை 32 கோடி டன்னாகவும் உயர்த்தும் திட்டத்துக்கான மக்கள் கருத்துக் கேட்பு 2021இலும் 2023இலும் அறிவிக்கப்பட்டுத் தள்ளிவைக்கப்பட்டது. இந்த அளவில் ஒரு துறைமுகம் வந்தால் அதன் டன் ஒன்றுக்கான கார்பன் எண் அழகாகவே இருக்கும். வளாகத்தில் 33 விழுக்காடு மரமும் நட்டுவிடலாம்.

அந்த எண்களோடு வேறு நான்கையும் ஆண்டுதோறும் வெளியிடக் கோரலாம்: கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தின் ஆழம், காட்டுப்பள்ளிக்கு வடக்கே பழவேற்காடுவரை கரைக்கோட்டின் நிலை, கழிமுகத்தில் இறால் வரத்து, எண்ணூர்க் குடியிருப்புகளின் காற்றுத் தூசி. முதலிரண்டும் ஸ்பிரிங்கின் காலத்திலேயே கைவந்த அளவைகள். இன்று செயற்கைக்கோள் படமே பாதி வேலையைச் செய்துவிடும். மூன்றாவதைக் கழிமுகத்தில் கையால் தடவி இறால் பிடிப்பவர்களைக் கேட்காமல் எழுத முடியாது. நான்காவதற்கான தேசியக் காற்றுத் தர வரம்புகள் 2009இல் திருத்தப்பட்டுச் சட்டத்தில் இருக்கின்றன. கருவியை எந்தக் கூரையில் வைப்பது என்பதை முடிவு செய்யும் உரிமை குடியிருப்பவர்களிடம் இருக்கவேண்டும். துறைமுக வளாகத்துக்குள் வைத்த கருவி காற்று வீசும் திசைக்கு எதிர்ப்புறத்தில் நின்றுவிட வாய்ப்பு அதிகம்.