ஒரே அவை பிறந்த கதை

அமெரிக்காவின் 50 மாநிலங்களில் 49-இல் சட்டமன்றத்துக்கு இரண்டு அவைகள். நெப்ராஸ்காவில் மட்டும் ஒன்றுதான். அதன் பின்னால் இருப்பது ஒரு வக்கீலின் பிடிவாதம்.

ஜார்ஜ் நாரிஸ் 1861-இல் ஒஹையோவில் பிறந்தவர். சட்டம் படித்து நெப்ராஸ்காவுக்குக் குடிபெயர்ந்து வக்கீல் தொழில் பார்த்தார். பிறகு ஏழு வருடம் மாவட்ட நீதிபதி. 1903-இல் வாஷிங்டன் பிரதிநிதிகள் சபைக்குப் போனார். அங்கே சபாநாயகர் ஜோ கேனன் வைத்ததுதான் சட்டம். எந்த மசோதா விவாதத்துக்கு வரலாம் என்று முடிவு செய்யும் விதிக்குழுவுக்கும் அவரே தலைவர். அந்தக் குழுவிலிருந்து சபாநாயகரை விலக்கும் தீர்மானம் ஒன்றை எழுதி, நாரிஸ் கோட்டுப் பையிலேயே வைத்திருந்தார். முறைப்படி கொடுத்தால் அது கேனனின் குழுவுக்கே போய்ப் புதைந்துவிடும்.

1910 மார்ச்சில் வாய்ப்பு வந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அரசியல் சாசனமே சொன்ன வேலை, அதனால் அதற்கு முன்னுரிமை உண்டு என்று சபை ஏற்றுக்கொண்டது. நாரிஸ் பிடித்துக்கொண்டார். சபை தன் விதிகளைத் தானே வகுக்கலாம் என்பதும் அதே சாசனம் சொன்னதுதானே? பையிலிருந்து அந்தக் கசங்கிய காகிதம் வெளியே வந்தது. ரகளை இரண்டு நாள் நீடித்து, கடைசியில் 191-க்கு 156 என்று தீர்மானம் ஜெயித்தது. அசல் கோர்ட் மூளை!

1913 முதல் முப்பது வருடம் செனட்டர். அவரை உறுத்திக்கொண்டே இருந்தது இன்னொரு அறை. இரு அவைகளும் ஒரே மசோதாவை வெவ்வேறு விதமாக நிறைவேற்றினால், இரண்டு பக்கத்திலிருந்தும் சிலர் கதவைச் சாத்திக்கொண்டு இறுதி வடிவம் கொடுப்பார்கள். யார் எதை வெட்டினார்கள் என்று வாக்காளருக்குத் தெரியாது. ஓர் அவைதான் என்றால் அந்த அறைக்கே வேலையில்லை என்றார் நாரிஸ்.

1934-இல், 73 வயதில், மாநிலச் சட்டமன்றத்துக்கு ஓர் அவையே போதும் என்று ஆதரவு கேட்டு, சொந்தக் காரில் நெப்ராஸ்கா முழுக்கச் சுற்றினார். இரண்டு செட் டயர்கள் தேய்ந்தனவாம். மாநிலத்தின் பத்திரிகைகளில் பெரும்பாலானவை எதிர்த்தன. நவம்பர் வாக்கெடுப்பில் 2,86,086 பேர் ஆதரவு, 1,93,152 பேர் எதிர்ப்பு. மதுவிலக்கை நீக்குவதும் குதிரைப் பந்தயச் சூதாட்டமும் அதே நாளில் வாக்கெடுப்புக்கு வந்தன. அவற்றுக்காகத் திரண்ட கூட்டமும் கைகொடுத்தது என்பவர்கள் உண்டு.

1937 ஜனவரியில் புதிய அவை கூடியது. 133 உறுப்பினர்கள் இருந்த இடத்தில் 43 பேர். வாக்குச்சீட்டில் கட்சிப் பெயரும் கிடையாது. யார் எந்தக் கட்சி என்பது ஊருக்கே தெரியும், அது வேறு கதை. ஆனால் அங்கே ஒவ்வொரு மசோதாவுக்கும் பொது விசாரணை உண்டு, பொதுமக்கள் நேரில் போய்ப் பேசலாம். நாரிஸ் கேட்டது அதைத்தான்.